முச்சக்கரத் தேர் மான்மியம்

தூளி, தொட்டில், இடுப்பு என்ற மூன்றையே வைத்துக்கொண்டு பிள்ளை வளர்த்து முடித்துவிட்ட தலைமுறையை நினைத்தால் இரக்கமாக இருக்கிறது. அவர்களுக்கு மூன்று சக்கர ஸ்ட்ரோலர் வாய்க்கவில்லை. நமக்கு வாய்த்திருக்கிறது. முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாகக் காற்றடைத்த சக்கரங்கள், அலுமினியச் சட்டம், சஸ்பென்ஷன், காபிக் கோப்பை வைக்கக் கைப்பிடியில் ஒரு குழி. எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு கிலோ பக்கம் வரும். உள்ளே உட்காரப்போகிற ஒரு வயதுப் பிள்ளை ஒன்பது கிலோ. ஏறுகிறவரைவிட வாகனம் கனமாக இருப்பதில்தான் கௌரவம் இருக்கிறது என்பது இடுப்பில் பிள்ளைகளைச் சுமந்து போனவர்களுக்குத் தெரியாமல் போயிற்று.

மயிலாப்பூரிலோ மேற்கு மாம்பலத்திலோ லிஃப்ட் இல்லாத பழைய குடியிருப்பில், மூன்றாவது மாடியில் இருக்கிறவர்களுக்கு இந்த வண்டி அறிவையும் வளர்க்கிறது. வண்டியை முதலில் இறக்கினால் குழந்தை மேலே தனியாக இருக்கும். குழந்தையை முதலில் இறக்கினால் கீழே யாரிடம் கொடுப்பது? இரண்டையும் சேர்த்துத் தூக்கினால் காலடியில் படி தெரியாது. புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒரே பரிசலில் அக்கரை சேர்க்கிற கணக்கைச் சின்ன வயதில் போட்டோமே, அது எதற்கு என்று இத்தனை காலம் விளங்காதவர்களுக்கு இப்போது விளங்கிவிடும். கணக்குக்கு விடை கண்டு தெருவுக்கு வந்து சேர்வதற்குள் குழந்தை தூங்கிவிடுகிறது. தூங்க வைப்பதற்காகத்தானே வெளியே கிளம்பினோம்? வண்டி உருளாமலே வேலை முடிந்தது.

இதன் அருமை தெரிய வேண்டுமானால், எதிர்த்திசையில் யோசித்த ஒரு தாத்தாவைப் பார்க்க வேண்டும். ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரக் கால்களை வடிவமைக்கும் பணியில் இருந்தவர். கனமான குழந்தை வண்டியோடு மகள் படும் பாட்டைப் பார்த்தார். விமானம் தன் கால்களை மடக்கி இறக்கைக்குள் வைத்துக்கொள்கிற வித்தை தெரிந்தவராயிற்றே, 1965இல் குடைபோல் மடங்கும் ஒரு வண்டியை உருவாக்கினார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் மடித்த வண்டி. பேருந்திலும் ஏறலாம், மாடியும் ஏறலாம். போர் விமானத்தில் கற்ற வித்தையை இப்படி ஒரு தாயின் கையைக் காலியாக்குவதற்குச் செலவழித்திருக்கிறார். ஊர் மதிக்கவா செய்யும்? நாலு பேர் திரும்பிப் பார்க்கிற பொருளா அது?

நம் தேருக்கு வேறு வம்சம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், யாகிமா என்ற ஊரில், ஃபில் பேக்லர் என்ற பத்திரிகையாளருக்கு ஓட்டப் பழக்கம் இருந்தது. கைக்குழந்தையும் இருந்தது. இரண்டையும் விட மனமில்லாமல் ஸ்ட்ரோலருக்குச் சைக்கிள் சக்கரங்களை மாட்டினார். 1984இல் அதற்காகவே ஒரு நிறுவனம் தொடங்கினார். பெரிய சக்கரம் வந்தது சரளையிலும் புல்லிலும் ஓடுவதற்காக. முன்சக்கரம் ஒன்றாகி நீண்டது, வேகத்தில் வண்டி நேர்கோட்டில் போவதற்காக. ஒவ்வோர் அங்கத்துக்கும் ஒரு காரணம் உண்டு. அத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே காரணம், ஓட்டம். நாம் அதை வாங்கியிருப்பது தடுப்பூசி போடவும், கோயிலுக்கும், அத்தை வீட்டு வளைகாப்புக்கும் போய்வர. குடும்பத்தில் யாரும் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை என்பதெல்லாம் சில்லறைக் குறை.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நிறத்தைப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறம் இப்போது எடுப்பு. அடுத்தது கோப்பைக் குழி. அதற்கடுத்தது பக்கத்து ஃபிளாட்டில் என்ன வாங்கியிருக்கிறார்கள் என்பது. இம்மூன்றும் திருப்தியானால் பில் போடச் சொல்லிவிடலாம்.

கடையிலேயே பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் வண்டியை மடக்கிப் பார்ப்பேன் என்று சிலர் அடம்பிடிப்பார்கள். விற்பனைப் பையன் இரண்டு கையாலும் ஒரு காலாலும் அழகாக மடக்கிக் காட்டும்போது, நடுவில் புகுந்து அவன் மனத்தைப் புண்படுத்துவது பண்பா? இன்னும் சிலர் டேப் கொண்டுவந்து மடித்த வண்டியை அளக்கிறார்கள். காரின் டிக்கியில் போகுமா என்று பார்க்கிறார்களாம். சின்னக் கார் டிக்கியில் முன்சக்கரத்தைக் கழற்றினால் போகும். கால் டாக்ஸி என்றால் அந்தக் கவலையும் கிடையாது. டிக்கியில் ஏற்கெனவே சிஎன்ஜி சிலிண்டர் குடியிருக்கும். வண்டி பின்சீட்டில் சாய்ந்துகொள்ளும். குழந்தை அம்மா மடியில். அப்பா பின்னால் ஆட்டோவில் வந்து சேர்ந்துகொள்வார்.

சீட்டுக்கு அடியில் பொடி எழுத்தில் ‘இஎன் 1888’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பவர்களைக் கண்டால் கடைக்காரருக்கே சிரிப்பு வரும். அது ஐரோப்பாவில் குழந்தை வண்டிகளின் பிரேக், பூட்டு, கவிழாத் தன்மை இவற்றையெல்லாம் சோதிக்கும் தர விதி. குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும்; நிமிர்ந்து நின்று கோப்பைக் குழியைப் பார்ப்பதே உடம்புக்கு நல்லது.

மூன்று சக்கரத்தில் ஒரு கீழ்ச்சாதி உண்டு என்று நினைத்துவிட வேண்டாம், தோற்றத்தில் எல்லாம் ஒன்றுதான். சிலவற்றுக்குப் பிளாஸ்டிக் சக்கரம், பூட்டில்லாத முன்சக்கரம், கை பிரேக் கிடையாது. ஆனாலும் பார்வைக்கு ஒலிம்பிக் ஓட்டக்காரரின் வண்டி. கையேட்டைத் திறந்தால் முதல் பக்கங்களிலேயே ‘இதை வைத்துக்கொண்டு ஓடாதீர்கள்’ என்று இருக்கும். ஓட்டத்தின் அழகைக் கொடுத்து ஓட்டத்தின் களைப்பைத் தடுக்கிற இந்தக் கருணை வேறு எந்த வாகனத்துக்கு உண்டு?

மெய்யான ஜாகிங் ஸ்ட்ரோலரின் கையேடு இன்னும் சுவையானது. ஆறு மாதம் ஆகும்வரை பிள்ளையை வைத்து ஓடாதே என்கிறது; சில நிறுவனங்கள் எட்டு மாதம் என்கின்றன. கழுத்து நின்று, உட்காரப் பழகிய பிள்ளைக்குத்தான் அந்தக் குலுக்கல். ஓடும்போது முன்சக்கரத்தைத் திரும்பாதபடி பூட்டு, பூட்டாவிட்டால் வேகத்தில் அது நடுங்கி வண்டியைக் கவிழ்க்கும் என்கிறது. கைப்பிடியில் தொங்கும் வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொள், பிடி நழுவினாலும் வண்டி உன்னைவிட்டுப் போகாது என்கிறது. நம் வீடுகளில் அந்த வார் கைப்பிடியில் சுற்றிப் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது, அழுக்காகிவிடக்கூடாதே. சென்னையில் மேடு பள்ளம் எங்கே இருக்கிறது, வண்டி உருண்டோட? அடுக்குமாடியின் அடித்தளத்துக்குக் கார் இறங்கும் சரிவு ஒன்று இருக்கிறது. அதில்தான் மாலை வேளையில் தாத்தா பேரனை வைத்துத் தள்ளிக்கொண்டு நிற்கிறார், ஒரு கை போனில்.

பெல்ட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலிடுக்கில் ஒன்று என்று ஐந்து முனை. ஐந்தையும் சேர்த்து நடுவில் ஒரு கிளிக். பிள்ளை அழும், சட்டை கசங்கும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாட்டி பார்த்துக்கொண்டிருப்பார். “பச்சப் புள்ளைய என்னத்துக்குடா இப்படிக் கட்டிப் போடற? நான் புடிச்சுக்கறேன் விடு.” அவர் பிடித்துக்கொள்கிறார். எதிரே வருகிற தெரிந்த முகத்தோடு பேசுவதற்காக மட்டும் கொஞ்சம் விடுகிறார்.

கைப்பிடியில் பை மாட்டக்கூடாது என்ற அறிவுரைதான் எனக்கு மிகவும் பிடித்தது. டயாப்பர் பை, அம்மாவின் கைப்பை, இரண்டு கிலோ வெங்காயம், பாதி விலைக்குக் கிடைத்த முலாம்பழம் எல்லாம் அங்கே தொங்கும்வரை வண்டிக்கு ஒன்றும் ஆவதில்லை, பிள்ளை உள்ளே இருந்து சமன் செய்துகொண்டிருக்கும். பிள்ளையைத் தூக்கிய மறுநொடி வண்டி மல்லாந்து விழும். பிள்ளை பின்னால் சாய்ந்தாலே போதும் என்கிற அளவுக்குப் பையை ஏற்றினால், தூக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். முலாம்பழம் தெருவில் உருள்வதைப் பார்க்கிற பிள்ளை எவ்வளவு சிரிக்கிறது!

முன்சக்கரத்தின் சுதந்திர வேட்கையையும் புகழாமல் விடக்கூடாது. சைக்கிளில் இருப்பதுபோல் ஒரு நெம்பைத் திருப்பினால் சக்கரம் கையோடு வந்துவிடும் வசதி பல வண்டிகளில் உண்டு. அமெரிக்காவில் புகழ்பெற்ற ஒரு மாடலில், யாரும் திருப்பாமலே ஓட்டத்தின் நடுவில் சக்கரம் வந்துவிடுகிறது என்று 2012 முதல் சுமார் 200 புகார்கள் சேர்ந்தன. பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அடிபட்டது. 2018இல் அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. வண்டியில் குறை இல்லை, மாட்டுகிறவர்கள் சரியாக மாட்டவில்லை என்றது நிறுவனம். அதே ஆண்டு சமரசம் ஆயிற்று: வண்டிகளைத் திரும்பப் பெற வேண்டாம், எப்படி மாட்டுவது என்று பெற்றோருக்கு வீடியோ காட்டினால் போதும், கேட்பவர்களுக்கு மாற்று உதிரிப் பாகம் கொடுத்தால் போதும். சக்கரம் கழன்றால் குற்றம் தள்ளுகிறவருடையது என்ற இந்த நீதி எவ்வளவு நேர்த்தி! அதனால்தான் நம் ஊரில் அந்த நெம்பை யாரும் தொட்டுப் பார்ப்பதே இல்லை. தொட்டால்தானே குற்றம் நம்முடையதாகும்?

இனி வீதி உலா. எந்தத் தரையிலும் போகும் என்று பெட்டியில் மலைப்பாதைப் படம் போட்டிருக்கிறார்கள். மலையில் ஏறும், சந்தேகமில்லை. நம் நடைபாதையில் ஏறுமா என்பது படத்தில் இல்லை. நடைபாதை விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது, தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது இருக்க வேண்டும் என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. வழிகாட்டியில் அந்த அகலம் இன்றும் அப்படியே இருக்கிறது, யாரும் ஆக்கிரமிக்கவில்லை. தெருவில் டிரான்ஸ்ஃபார்மர், மின்பெட்டி, இஸ்திரி வண்டி, இளநீர்க் குவியல், நிறுத்திய பைக்குகள் என்று எல்லோருக்கும் இடம் கொடுத்தபின் மீதி நடப்பவர்களுக்கு. பைக்குகள் ஏறாமல் இருக்க நட்ட குறுங்கம்பங்களுக்கு நடுவே பைக் லாகவமாக நுழைந்துவிடுகிறது. நம் தேர்தான் நுழையாமல் நின்று சட்டத்தை மதிக்கிறது.

ஆகவே சாலையில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். இங்கேதான் அந்த நீண்ட மூக்கின் பயன் தெரிகிறது. நிறுத்திய வேன் ஒன்றைச் சுற்றிக்கொண்டு போகையில், எதிரே தண்ணீர் லாரி வருகிறதா என்று முதலில் எட்டிப் பார்ப்பது முன்சக்கரம், அடுத்துப் பிள்ளை, ஒரு மீட்டர் பின்னால்தான் பெற்றவர். இவ்வளவு சிறு வயதில் இவ்வளவு பொறுப்பு! வண்டிக்குள் பிள்ளையின் மூக்கு இருக்கும் உயரமும் வெகு பொருத்தம். இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் பிரசாந்த் குமாரும் உடன் ஆய்வாளர் ஒருவரும் 2018இல் வெளியிட்ட கட்டுரையில், தரையிலிருந்து 0.55 முதல் 0.85 மீட்டர் உயரத்தில் மூச்சு விடும் வண்டிக் குழந்தைகள், பெரியவர்களைவிட 60 விழுக்காடுவரை கூடுதல் மாசைச் சுவாசிக்கக்கூடும் என்கிறார்கள். எதிலும் நம்மைவிடப் பிள்ளைக்கு ஒரு பங்கு கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்றுதானே பெற்றவர்கள் ஆசைப்படுகிறார்கள்? இடுப்பில் இருந்த காலத்தில் நம் மூக்கும் அதன் மூக்கும் ஏறக்குறைய ஒரே உயரம். அதில் என்ன சிறப்பு?

இடுப்புக்கு இன்னொரு குறை: பிள்ளையின் முகம் எப்போதும் நம் முகத்துக்கு நேரே இருக்கும், பேசிக்கொண்டே இருக்கத் தோன்றும். “அங்க பாரு காக்கா, இங்க பாரு மாடு” என்று தெரு முழுவதும் வாய் ஓயாது. மூன்று சக்கரத்தில் பிள்ளை முன்னால் பார்த்தே உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் இருக்கையைத் திருப்பிப் போட முடியாது. பிரிட்டனில் டண்டி பல்கலைக்கழகத்தின் சுசான் ஸீடிக் 2008இல் 2,722 பெற்றோர்-குழந்தை இணைகளைத் தெருவில் கவனித்துச் செய்த ஆய்வில், முன்னோக்கிய வண்டியில் இருக்கும் பிள்ளைகளிடம் பெற்றோர் குறைவாகவே பேசுகிறார்கள் என்று தெரிந்தது. அந்த மௌனத்தில்தான் வாட்ஸ்அப்பில் எத்தனை பேருக்கு நம்மால் பதில் சொல்ல முடிகிறது.

தி. நகரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019இல் திறந்தபின், நகரத்தில் இந்த வண்டி உருள்வதற்கு இடமில்லை என்று யாரும் வாய் திறக்க முடியாது. அகலம், வழவழப்பு, மர நிழல். எங்கெங்கிருந்தோ கார் பிடித்து, வாகன நிறுத்தத்தில் இடம் பிடித்து, வண்டியை இறக்கி, முன்சக்கரத்தை மாட்டி அங்கே தள்ளுகிறார்கள். நடப்பதற்காகக் காரில் போவதை மேல்நாட்டார் நம்மிடம் கற்றார்களோ, நாம் அவர்களிடம் கற்றோமோ தெரியவில்லை.

பராமரிப்புக்கு வருவோம். காற்றடைத்த டயரின் பெருந்தன்மை என்னவென்றால், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் காற்றை இழக்கும். டயரின் பக்கச்சுவரில் எவ்வளவு காற்று என்று எழுதியிருக்கும். வால்வு பெரும்பாலும் கார் வால்வு வகைதான், சைக்கிளுக்கான சின்னக் கைப்பம்பு, அழுத்தம் காட்டும் முள்ளோடு வாங்கி வைத்துக்கொண்டால் காரியம் முடிந்தது. அவ்வளவு எளிதாக முடிந்துவிட்டால் வண்டிக்கு என்ன மதிப்பு? எனவே பெட்ரோல் பங்குக்குத் தள்ளிக்கொண்டு போய், லாரிக்கு அடிக்கிற குழாயை அந்தச் சின்ன டியூபுக்குக் கொடுக்கிறார்கள். டப்பென்று ஒரு சத்தம். பஞ்சர் கடைக்காரர் டயரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறார். “சார், இது பன்னெண்டு இஞ்சு, பசங்க சைக்கிள் டியூபுதான். நூறு ரூவா குடுங்க, போட்டுடறேன்.” வெளிநாட்டிலிருந்து வந்த தேரைப் பையன்கள் சைக்கிளோடு ஒப்பிடுகிறாரே என்ற வருத்தத்தில், அதே டியூபை ஆன்லைனில் வரவழைக்க மூன்று வாரம் காத்திருக்கிறோம்.

பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கொண்டுபோனால் உப்பும் மணலும் அச்சுக்குள் புகும். வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய்ப் பசையில்லாத சிலிக்கோன் ஸ்பிரே அடிக்க வேண்டும். எண்ணெய் போட்டால் மணல் இன்னும் ஒட்டும். நம் வீடுகளில் தேங்காயெண்ணெய் இருக்கும்போது அது எதற்கு? ஐப்பசி மழையில் நனைந்த இருக்கையை அப்படியே மடக்கிப் பரணில் வைத்தால், தை மாதத்தில் திறக்கும்போது கரும்புள்ளிகளோடு ஒரு புதுத் துணி வடிவம் கிடைக்கும், செலவில்லாமல். கத்திரி வெயிலில் பிள்ளைக்கு நிழலாக இருக்கட்டும் என்று கூரையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுகிறார்களே, அந்தப் பாசத்தைச் சிட்னி பல்கலைக்கழகத்தார் 2023இல் அளந்து பார்த்தார்கள். உலர்ந்த மெல்லிய துணியால் மூடியபோது உள்ளே வெப்பம் ஏறத்தாழ இரண்டரை டிகிரி கூடியது. துணியை நனைத்து, சிறு மின்விசிறியும் வைத்தபோது ஏறக்குறைய ஐந்து டிகிரி குறைந்தது. ஆனால் துணி நனைந்தால் சாம்பல் நிறத்தில் கறை படியும். பிள்ளை கொஞ்சம் வியர்க்கட்டும்.

இவ்வளவையும் மீறி இந்த வண்டிகள் புத்தம் புதிதாக இருப்பதைக் காண வேண்டுமானால் புறநகரில் ஏதாவது அடுக்குமாடி வளாகத்தின் படிக்கட்டு ஓரங்களைப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்டு, பேலன்ஸ் பார்த்து, சுவரோடு சேர்த்துச் சங்கிலியிட்டு வைத்திருக்கிறார்கள். டயரில் ஒரு கீறல் கிடையாது, ரப்பர் முள் தேயவில்லை. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் மின்ன நின்ற வேல்களைப் பார்த்து ஔவையார் எவ்வளவு வியந்திருப்பார் என்று எனக்குப் புரிந்தது. அவருடைய தலைவன் அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தனவாம். பாவம், பேணத் தெரியாதவன்.

வளாகத்து வண்டிகளும் சும்மா இருப்பதில்லை. குடிநீர்க் கேன் போடும் பையன் வாசல்வரைதான் வருவான். லிஃப்ட்வரை இருபது லிட்டரை யார் தூக்குவது? பல ஸ்ட்ரோலர்கள் இருபது கிலோவுக்கு மேலும் தாங்கும். கேன் இருக்கையில் கச்சிதமாக உட்காருகிறது, அழுவதில்லை, சட்டை கசங்குவதில்லை. தாத்தா மணிக்கட்டில் வாரை மாட்டிக்கொண்டு மெதுவாகத் தள்ளுகிறார். முன்சக்கரத்தின் நெம்பு இறுகியிருக்கிறதா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறார். கைப்பிடியில் பை எதுவும் இல்லை. பாட்டி கூடவே வருகிறார். “தண்ணி கேன் உருண்டு வுழுந்துடப் போவுது, அந்த பெல்ட்ட மொதல்ல போடுங்க. அஞ்சையும் போடுங்க.”